நலமானவர்கள் வரிசையில் உன் ரத்தம்

தேவா, என் மச்சானே,

பிரிக்பீல்ட்ஸ் கடையில் நீ நின்ற தந்தூரி அடுப்பில் இப்போது உன் தம்பி குமரன் நிற்கிறான். நாண் உன்னுடையது போல வரவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்கிறான்.

சுற்றி வளைக்கவில்லை. உன் ரத்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாள்பட்ட நுரையீரல் நோய் தொடங்கும்போதே ரத்தத்தில் தெரியுமா என்று எங்கள் ஆய்வகத்தில் தேடிக்கொண்டிருந்தோம். ஒப்பிட்டுப் பார்க்க, புகைபிடிக்காத, நோயில்லாத ஆட்கள் வேண்டும். உன்னை இழுத்து வந்தேன். கிள்ளான் கொமுட்டர் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடமெல்லாம் பெருமையடித்தாய்: "ஆரோக்கியம்னா எப்படி இருக்கும்னு என்னை வச்சுத்தான் பார்க்கிறாங்க லா!"

புகை உள்ளே போய்க்கொண்டே இருந்தால் செல்களின் கொழுப்பு சிதையும். அந்தச் சிதைவின் மிச்சம் ரத்தத்தில் மிதக்கும். மலோன்டைஆல்டிஹைடு. உனக்கு அது நோயாளிகளின் அளவுக்கு இருந்தது. மறுபடி பார்த்தேன். அதேதான்.

"பேரைக் கேட்டாலே நெஞ்சு அடைக்குதுடா" என்று சிரித்தாய். "ஊதுற டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டேன்ல? அப்புறம் என்ன?"

"கரிப்புகைடா மடையா! சிகரெட் மட்டுந்தான் புகையா?"

"அப்ப நாணை உங்கப்பாவா சுடுவாரு? போடா."

அந்த ஓர் எண்ணை வைத்து நோய் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. முடிந்திருந்தால் மட்டும் அடுப்பை விட்டிருப்பாயா? பிறகு காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. நீ எழுந்திருக்கவே இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? தெரியாது மச்சான். அந்தத் தெரியாததுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

போன வாரம் ஆய்வை எழுதி முடிக்க உட்கார்ந்தோம். "அந்த ஒருத்தரை எடுத்துருங்க, கணக்கைக் கெடுக்குது" என்றார் எங்கள் டாக்டர்.

"அவன் கெடுக்கல டாக்டர். என்ன வேலை பார்க்கிறான்னு நாமதான் கேட்கவே இல்ல." என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் திரையில் உன் எண்ணை அழிக்காமல் விட்டார். "சரி, இருக்கட்டும். காரணத்தையும் சேர்த்து எழுதுங்க."

நேற்று குமரன் ஆய்வகத்துக்கு வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினான்.

"எனக்கும் எடுங்கண்ணே. ஆனா எங்கண்ணன் மாதிரி என்னையும் நல்லா இருக்கிறவங்களோட சேர்த்துறாதீங்க."

சேர்க்கமாட்டேன். அந்த அடுப்புக்கு மேல் புகைபோக்கி வைக்கும்வரை கடை முதலாளியையும் விடமாட்டேன். உனக்குத் தெரியும், எனக்குப் பொறுமை கிடையாது.

உனக்கு மச்சானாக இருந்து, இனி குமரனுக்கு அண்ணனாகவும் இருக்கப்போகிற
பிரகாஷ்