கட்டத்தில் ஒரே ஒரு பெயர்

9 ஜூன் 2003, திங்கள்

பொம்மனஹள்ளிவாழ் பொதுமக்களுக்குப் பணிவுடன் தெரிவிப்பது யாதெனில்: பதினெட்டு வயது நிரம்பிய ரா. தினேஷ் ஆகிய எனக்கு, மூன்று மாதப் பயிற்சிக்குப் பின், ஆபீஸில் இன்று சொந்த நாற்காலி ஒதுக்கப்பட்டது. ஐந்து சக்கரத்தில் நான்கு சுற்றும்.

வேலை இதுதான்: அமெரிக்க டாக்டர்களின் குறிப்பைப் படித்து, நோய்க்கு ஒரு நம்பர், சிகிச்சைக்கு ஒரு நம்பர் போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புவது. அந்த நம்பருக்குப் பெயர் கோடு. காலையிலிருந்து மாலை வரை கோடு போடுகிறேன். இதுவரை நேராகத்தான் வருகிறது.

வீட்டில் நாற்காலிச் செய்தியைச் சொன்னேன். அம்மா, "உங்கப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றாள். அப்பா, "உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றார். இருவரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள்.

11 ஜூன், புதன்

ஏப்ரலில் அப்பா ஃபேக்டரியில் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) எழுதிக் கொடுத்தார். அம்மாவிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி ஆன்ட்டிதான் சொன்னார். அன்றிலிருந்து பேச்சு நின்றது, நான் தூதன் ஆனேன்.

இன்று காலை, டிபன் உப்பிட்டு (நம் உப்புமாதான்):

"அவர சாப்பிட வரச் சொல்லு."

"மகாராணியார் உப்பிட்டுடன் காத்திருக்கிறார்," என்றேன் அப்பாவிடம்.

"பசியில்லன்னு சொல்லு."

"மன்னர் விரதமாம்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் பதிவுக்காக: இரண்டு மாதத்தில் ஒரு செய்திகூடத் தவறியதில்லை. தபால் இலாகா என்னிடம் டியூஷன் வரலாம்.

17 ஜூன், செவ்வாய்

புதுக் கட்டு வந்திருக்கிறது. கணவன் மனைவி கவுன்சலிங். மௌரீன் மேடம் (எங்கள் டீம் லீடர், லிங்கராஜபுரம்) விளக்கினார். சண்டைக்கென்றே ஒரு கோடு உண்டு: V61.10. ஆனால் அதை மட்டும் போட்டால் பெரும்பாலும் இன்சூரன்ஸ்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். இருவரில் ஒருவருக்கு மனச்சோர்வோ பதற்றமோ இருப்பதாக டாக்டர் எழுதியிருக்க வேண்டும். அவர்தான் பேஷண்ட். மற்றவர் கூட வந்தவர்.

"ரெண்டு பேருக்குமே கோளாறுன்னா, மேடம்?"

"ஃபார்ம்ல பேஷண்ட் கட்டம் ஒண்ணுதான் மேன். பேரு ஒண்ணுதான் போவும்."

ஆக, மனமுறிவுக்குக் காசு வரும், மணமுறிவுக்கு வராது. ஒரு சுழி கூடினால் க்ளெய்ம் போச்சு. டீம் முழுக்க சிரித்தது.

எங்கள் வீட்டில் வாதி உண்டு, பிரதிவாதி உண்டு. வியாதி யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

22 ஜூன், ஞாயிறு

அம்மா லிங்கராஜபுரம் போய்விட்டாள், சந்திரம்மா பெரியம்மா வீட்டுக்கு. ஒரு பை. பஸ் ஏற்றிவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. கை ஆட்டினேன். திரும்பி வந்து டிவி பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

23 ஜூன்

அப்பா: "ஏதாவது சொன்னாளா?"

"இல்ல."

30 ஜூன், திங்கள்

வீட்டில் இப்போது தூதனுக்கு வேலை இல்லை. அப்பா சோறு குழைத்துவிடுகிறார், நான் சாப்பிட்டுவிடுகிறேன். ஆபீஸில் சுதீர், "என்னடா, வீடு அமைதியா இருக்குமே?" என்றான். "இரு நாடுகளும் தூதரகத்தை மூடிவிட்டன," என்றேன். அவன் சிரித்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அது மாதிரி.

அம்மா போனில் என்னிடம் மட்டும் பேசுகிறாள். நான்கு நிமிடம். கடைசியில் எப்போதும் கொஞ்சம் நிறுத்துகிறாள். நான் வைத்துவிடுகிறேன்.

8 ஜூலை, செவ்வாய்

தப்பு செய்தேன். முதல் தப்பு.

வாரா வாரம் வரும் ஒரு ஜோடி. பேஷண்ட் மனைவி. இந்த வாரம் கணவன் மட்டும் வந்து பேசிவிட்டுப் போனதாக டாக்டர் எழுதியிருக்கிறார். பேஷண்ட் இல்லாமல் குடும்பத்தாரோடு பேசினால் 90846. பேஷண்ட்டும் இருந்தால் 90847. நான் ஏழு போட்டேன்.

மௌரீன் மேடம் தாளைத் திருப்பிக் காட்டினார். "பொண்டாட்டி வந்தாள்னு எங்க மேன் எழுதிருக்கு?"

"எழுதல, மேடம்."

"அப்போ நீ யாரு அவளக் கூட்டிட்டு வர்றதுக்கு?"

ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. அவர் குரலை இறக்கி, "இல்லாததச் சேக்காத, இருக்கறத விடாத. அவ்ளோதான்பா இந்த வேலை," என்றார்.

பாத்ரூமில் பத்து நிமிடம் நின்றேன். அழவில்லை. சும்மா நின்றேன்.

11 ஜூலை

பெரியம்மா போன். அம்மா அங்கேயே பக்கத்தில் ஒரு கார்மெண்ட்ஸில் திங்கட்கிழமை வேலைக்குச் சேரப் போகிறாளாம். "இனிமே இங்கதான்னு சொல்றாடா."

13 ஜூலை, ஞாயிறு

ஜூன் 22-ல் 'ஒன்றும் சொல்லவில்லை' என்று எழுதியிருக்கிறேன். பொய். பஸ் படியில் நின்றுகொண்டு அம்மா சொன்னாள்: "அவர வந்து ஒரு வார்த்த கூப்பிடச் சொல்லு. அந்த ஒரு வார்த்த போதும். நீ கூப்பிட்டா வரமாட்டேன்."

காலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார்.

"எப்ப சொன்னா?"

"மூணு வாரம் ஆச்சு."

அடிப்பார் என்று நினைத்தேன். பாதி முகத்தில் சோப்போடு கட்டிலில் உட்கார்ந்தார். "ஏன்டா சொல்லல?"

"மறந்துட்டேன்."

அப்புறம் மீதி முகத்தை மழித்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். லிங்கராஜபுரத்துக்கு எந்த பஸ் என்று கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து போய்வரும் இடம்.

நாலு மணிக்குப் பெரியம்மா போன் செய்தார். "உங்கப்பா வந்திருக்காரு. ரெண்டு பேரும் மாடில நிக்கறாங்க. அவரு என்னமோ சொல்றாரு, அவ அந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கா. போயி என்னன்னு கேட்டுச் சொல்லட்டா?"

"வேணாம், பெரிம்மா."

மறக்கவில்லை. ஒருநாள்கூட மறக்கவில்லை. சொல்லி, அப்பா போகமாட்டேன் என்றிருந்தால், அந்தப் பதிலையும் அம்மாவிடம் நான்தானே கொண்டுபோக வேண்டும். பெரிய தூதன். பயந்துட்டேன், அவ்வளவுதான்.