முள் இருபதைத் தொட்ட இடம்

இன்று காலை மலைப்பாதை டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் சூடான இன்ஜின் வாசனை முகத்தில் அடித்தது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. நீங்கள் கண்மூடிய பிறகு இந்த ஸ்கூட்டரை விற்றுவிடலாம் என்று உங்கள் தம்பி சொன்னார். நானே ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் அவர்களைவிட அதிகமாகச் சிரித்திருப்பீர்கள்.

கல்வராயன் மலைப் பள்ளியில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது, நம் செருப்புக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் என் பெண்டாட்டி டீச்சர் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தீர்கள். எனக்கோ முதல் வாரமே வெறுத்துவிட்டது. காலை பஸ் பள்ளி மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும் என்பதால், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நீங்கள்தான் கொண்டுபோய் விட்டீர்கள். ஒவ்வொரு வளைவிலும் பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்துப் பயந்து உங்கள் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். வேலையே வேண்டாம், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுதேன். ஆசைப்பட்டுப் படித்து வாங்கிய வேலை. நீங்கள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்கு வகுப்பில் என்ன பாடம் என்று மட்டும் கேட்டீர்கள்.

சராசரி மாறுவீதம் என்றேன். பத்தாம் வகுப்பில் கணக்கைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய மனிதர், திருதிருவென்று விழித்தீர்கள். நம் பயணத்தையே வைத்து விளக்கினேன். அடிவாரத்திலிருந்து பள்ளி வரை இருபது கிலோமீட்டர், ஆகும் நேரம் ஒரு மணி. கடந்த தூரத்தை ஆன நேரத்தால் வகுத்தால் மணிக்கு இருபது. அதுதான் சராசரி மாறுவீதம்.

"டீக்கடைல நின்னமே, அது எங்க போச்சு?" என்றீர்கள்.

அதையும் சேர்த்துத்தான் இருபது என்றேன். நின்ற நேரத்துக்கு ஈடாக வேறு எங்கோ இருபதைவிட வேகமாகப் போயிருக்க வேண்டும். நின்ற வண்டி அந்த வேகத்துக்கு ஏறும்போது, ஒரு கணமாவது ஸ்பீடோமீட்டர் முள் சரியாக இருபதைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

"அப்ப அந்த எடத்த எனக்குக் காட்டு, டீச்சரம்மா."

மறுநாள் பிஸ்மி சொல்லி வண்டியைக் கிளப்பினீர்கள். மலை ஏறத் தொடங்கியதும், தோளுக்கு மேல் எட்டி முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள். "இப்ப இன்னா காட்டுது?" என்று வழியெல்லாம் நச்சரிப்பு. பதினைந்து என்றால் கம்மி என்பீர்கள். இருபத்தைந்து என்றால் ஜாஸ்தி என்பீர்கள். டீக்கடையைத் தாண்டி ஒரு பலா மரத்தருகே முதல் நாள் இருபதைப் பிடித்தோம். அடுத்த நாள் அந்த இடம் தள்ளிப் போயிருந்தது. அதற்கு ஒரு சண்டை போட்டோம். இப்படியே வாரங்கள் ஓடின. வேலையை விடுகிற பேச்சு எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் இருபத்திரண்டு என்று சொல்லிவிட்டேன்.

"இருவதுதான், நல்லா பாரு" என்றீர்கள், திரும்பாமலே.

உங்களுக்கே தெரிகிறதே, பிறகு என்னை ஏன் கேட்கிறீர்கள் என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

"நீ பள்ளத்தப் பாக்காம வரணும்ல, அதுக்குதான்."

அன்று பள்ளி வரும்வரை உங்கள் முதுகில் சாய்ந்தபடியே வந்தேன். மறுநாளும் நீங்கள் கேட்டீர்கள், நானும் சொன்னேன். அந்த விளையாட்டை விட நம் இரண்டு பேருக்குமே மனசில்லை.

இப்போதும் வகுப்பில் அதே பயணத்தைத்தான் தூர-நேர வரைபடமாக வரைகிறேன். வளைந்து வளைந்து ஏறும் கோட்டின் இரண்டு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அதன் சாய்வு இருபது என்று காட்டுவேன். வண்டி ஓட்டுவது யார் டீச்சர் என்று பிள்ளைகள் கேட்டால், எங்கள் வீட்டுக்காரர் என்கிறேன்.

இன்று டீ குடித்துவிட்டுச் சாலையோரத் தடுப்புச்சுவர் வரை போய் நின்று கீழே பார்த்தேன். முதல் தடவை. கோமுகி அணைத் தண்ணீர் வெயிலில் மின்னியது. அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்புப் பச்சை. இத்தனை வருஷமும் என்னை முள்ளைப் பார்க்க வைத்துவிட்டு, இதையெல்லாம் நீங்கள் மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கோபம்தான் வந்தது. பிறகு சிரித்துவிட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வண்டியை எடுத்தேன். பலா மரம் வருவதற்குள் முள் ஏறிக்கொண்டே வந்து தொட்டது. யாரும் கேட்கவில்லை. "இருபது" என்று சத்தமாகச் சொன்னேன்.