வலியை நீயே சொல்

அன்புள்ள அக்கா,

போன வாரம் அம்மாவை எஹலியகொட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் சிங்களத்தில் கேட்டதையெல்லாம் நான் தமிழில் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றுக்கும், "ஒண்ணும் இல்லன்னு சொல்லு புள்ள" என்றார். பிறகு என்னைத் தண்ணீர் வாங்க அனுப்பினார். திரும்பி வந்தால், தோட்டத்தில் கூட ரப்பர் பால் வெட்டும் பெண்களிடம் பழகிய சிங்களத்தில், மாதக்கணக்காக உதிரம் போவதை அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"கல்யாணம் ஆகாத புள்ள. ஒன் வாயால இதெல்லாம் சொல்ல வைக்கவா?"

இப்போது மருந்து கேட்கிறது, உதிரம் குறைந்திருக்கிறது. பயப்படாதே.

அக்கா, பெய்ரூட்டில் நீ வேலை செய்யும் வீட்டில் உன் கை முறிந்தபோது, நீ படியில் விழுந்ததாக டொக்டரிடம் உன் மேடம்தானே சொன்னார்? நீ விழுந்தாயா என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை அந்த வீட்டில் வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

அடுத்த முறை டொக்டரிடம் நீயே சொல்ல, அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் தினமும் இரண்டு அரபுச் சொல் கேட்டுப் படி. கை, வலி, பசி, எதுவானாலும் கேள். "நான் விழவில்லை" என்பதை மட்டும் அவர்களிடம் கேட்காதே. கீழ் வீட்டில் வேலை செய்யும் சிங்கள அக்காவிடம் கேள்.

உன் தங்கை