கேரவன் மைதானத்துச் சாவி

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மழைக்கு அறிகுறியே இல்லை. மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் நூல் மாதிரித்தான் விழுகிறது. டேங்க் நிரம்ப மத்தியானமாகிவிட்டது.

இன்று செய்தது: கக்கூசு இரண்டும் கழுவியது. குளிக்கிற அறை. கழிவுக்குழி மூடியைச் சுற்றிச் சுண்ணாம்பு. பிளக் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்தது (இல்லை, மாதாவுக்கு நன்றி). காற்று வாசல் போர்டைத் திருப்பிப்போட்டுவிட்டது, கம்பி போட்டுக் கட்டினேன். "கேரவன் இரவுத் தரிப்பிடம். தண்ணீர், கரண்ட், வாஷ்ரூம்." மூன்று மொழியில். முதலாளி வாஷ்ரூம் என்றுதான் சொல்வார். கழுவுகிறவளுக்கு அது கக்கூசுதான்.

கணுக்கால் வீங்கியிருக்கிறது. கூடையோடு மலையில் சறுக்கி விழுந்து தகடு வைத்த கால். இனிமேல் மேட்டில் ஏறித் தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாது. இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை கிடையாது. மகள் பதுளையில் ஹொஸ்டலில் நின்று படிக்கிறாள். அவள் அப்பா போய்ச் சேர்ந்தபிறகு எல்லாம் என் தலையில்.

ஒரு வண்டி. வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும். எல்லவில் இடம் கிடைக்காமல் பசறை வழியாக ஏறி வந்திருக்கிறார்கள். வண்டியை மட்டமாக நிறுத்தக் கிழவர் பட்ட பாடு! சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பார், உள்ளே போய் மேசையில் ஒரு முட்டையை வைத்துப் பார்ப்பார், இறங்கி வந்து இன்னொரு கட்டை. எத்தனை தடவையோ. இந்த லுணுகலை ரோட்டில் மட்டமான இடம் தேடுகிறாரே மனுசன் என்று பாவமாக இருந்தது. கட்டை பிடித்துக் கொடுத்ததில் என் இடுப்பும் போச்சு.

வேலிக்கு அந்தப் பக்கத்து மலையில் இந்த வாரம் கொழுந்து. எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள்தான். சகாயமும் இருக்கிறாள். என் வீட்டுக்காரரின் தங்கை. அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். இந்த வேலைக்கு முதலில் அவளைத்தான் சொல்லியிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று முதலாளி என்னை எடுத்தார். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. நான் என்ன, பிடுங்கிக்கொண்டா வந்தேன்?

பத்து மணிபோல வேலியோரம் பாக்கியத்தின் குரல். சின்னப் பெண், கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட இல்லை.

"யக்கா, அவசரம். ஒரு தடவ தொறந்து விடுக்கா."

"முடியாதுடி. விருந்தாளிங்களும் நானும் மட்டுந்தான் போகணும்னு மொதலாளி கண்டிசனா சொல்லியிருக்காரு. என் சீட்டக் கிழிச்சிருவாரு."

"அவங்களுக்கு வண்டிக்குள்ளயே கக்கூசு இருக்குன்னு சொன்னாங்க?"

"இருக்கு."

"அப்ப இந்த ரெண்டும் யாருக்குக்கா?"

போடி வேலையைப் பார்த்துக்கொண்டு என்றேன். இடுப்பில் கட்டிய படங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காட்டோரமாக ஓடினாள். நாள் முழுவதும் மனசு சரியில்லை. கக்கூசைக் கூடவே கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இங்கே இரண்டு. இத்தனை பெண்கள் நிற்கிற மலையில் ஒன்றுகூட இல்லை. எந்த ஊர் நியாயம் இது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காற்று. கண்ணெல்லாம் தூசி.

விடியற்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சகாயம் முனகுகிற சத்தம். இது இப்போது கொஞ்ச நாளாகவே. எழுந்து போய்க் கேட்கலாமா என்று கதவுவரை போனேன். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

கொழும்பிலிருந்து ஒரு குடும்பம். தமிழ் ஆட்கள். வாடகைக்கு எடுத்த கேரவன், புதுசு. அந்த அம்மா கேட்டது வரிசையாக: வைஃபை, சுடுதண்ணீர், அட்டை வராமல் தெளிக்கிற மருந்து, நாய் குரைக்காமல் இருக்க ஏற்பாடு. நாய்க்கு நான் என்ன ஏற்பாடு செய்ய! வண்டியின் கக்கூசுப் பெட்டியைக் கழற்றிக் குழியில் கொட்ட வேண்டும். அது அவரவர் வேலை. ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களே செஞ்சிடுங்க, எனக்குப் பழக்கமில்ல" என்றார். எனக்கு மட்டும் பிறந்ததிலிருந்து பழக்கமா? கொட்டிக் கழுவிக் கொடுத்தேன். வெள்ளைக்காரக் கிழவர் கையுறை போட்டுக்கொண்டு தானே கொட்டினார். கொட்டிவிட்டு எனக்கு நன்றி வேறு.

சகாயம் இன்று வேலியோர வரிசையில். வயிற்றில் கையை வைத்துக்கொண்டுதான் கொழுந்து எடுத்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. பேச்சு இருக்கும்போதும் கேட்கிறவள் இல்லை, இப்போதா கேட்கப்போகிறாள்.

அவள் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருவதில்லை. யாருமே கொண்டுவருவதில்லை. நானும் கொண்டுபோனதில்லை. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகுமுன் பால் இல்லாத ஒரு கோப்பை சாயத்தண்ணி, அதோடு சரி, பின்னேரம் கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வரும்வரை ஒரு மிடறு கிடையாது. குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் அட்டை, குளவி, போகிற வருகிற ஆம்பிளைகள், எங்கேடி போனாய் என்று கங்காணியின் சத்தம். புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதே தாகத்தை அடக்கத்தான். பாக்கியம் இன்னும் பழகவில்லை.

சவர்க்காரம் முடிந்துவிட்டது. முதலாளிக்குச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

உடம்பு அடித்துப்போட்ட மாதிரி. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு மேல் மலையில் கூச்சல். சகாயம் கூடையோடு சுருண்டு விழுந்துவிட்டாள். எப்படி வேலி தாண்டினேன் என்று தெரியவில்லை, இந்தக் காலோடு. முகம் வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கொழுந்து லொறியில் ஏற்றினோம். அவள் புருசன் கொழும்பில் கட்டட வேலையில். யார் கூடப் போவது என்று ஆளை ஆள் பார்த்தார்கள். நான் ஏறிவிட்டேன். மைதானத்தைப் பூட்டவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. பசறை ஆஸ்பத்திரி வரை வளைவுக்கு வளைவு அவள் என் மடியில்தான் கிடந்தாள்.

பெண் டாக்டர். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறனீங்கள்?"

"குடிப்பேங்க" என்றாள் ச.

"எவ்வளவு எண்டு கேட்டனான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "குடிக்கிறதில்லைங்க டாக்டர். குடிச்சா போகணுமே. மலையில கக்கூசு இல்லைங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அப்ப எங்க போறனீங்கள்?"

"காட்டோரமா, செடி மறைவுலதாங்க" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. இந்த வயதில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்கேன் பார்த்துவிட்டு, "கிட்னியில கல்லு, சின்னன்தான். தண்ணி நிறையக் குடிச்சால் தானாப் போயிடும். வரேக்க வரேக்க போகவேணும், அடக்கக்கூடாது. இப்பிடியே விட்டீங்களெண்டால் கிட்னி பழுதாப்போகும், விளங்குதே?"

விளங்கியது. ஊசி போட்டு, மருந்து தந்து, பின்னேரம் விட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவள்தான், "அண்ணி, இந்தப் பக்கம் வாங்க. அங்க மூஞ்சில வெயிலு அடிக்குது" என்றாள். நாலு வருசத்துக்குப் பிறகு என்னோடு பேசியது இது. மாறி உட்கார்ந்தேன். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது.

மைதானத்துக்கு வந்தால் கொழும்பு அம்மா கோபமாக நிற்கிறார். மோட்டர் போட ஆள் இல்லாமல் பிள்ளைகள் குளிக்கவில்லையாம். மன்னிப்புக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று சொன்னது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ச. இன்றைக்கே வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருடி என்றால், "இருந்தா யாரு பேரு போடுவா, சம்பளம் யாரு தருவா?" என்கிறாள். நான் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் கூடையில். திறக்கவில்லை.

ஒன்பது மணிக்கு வேலிக்குப் போனேன்.

"சகாயம், தண்ணி குடிச்சியா?"

"அப்புறமா குடிக்கிறேன் அண்ணி."

"இப்ப குடி. குடிச்சிட்டு வா, தொறந்து விடுறேன்."

"வேணாம். ஒங்க வேல போயிரும்."

"போனா போகுது. வாடி."

போனால் போகிறது என்று வாய்தான் சொன்னது. பூட்டைத் திறக்கும்போது மகளின் முகம்தான் கண் முன்னால்.

ச. குழாயடியில் காலைக் கழுவி, பாதத்தைப் படங்கில் துடைத்துவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்து, "உள்ள கண்ணாடியெல்லாம் இருக்கு அண்ணி, என் மூஞ்சி கறுத்துத்தான் போச்சு" என்றாள். சிரித்துவிட்டேன். அதற்குள் பாக்கியம் வேலியில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். ஒருத்திக்குத் திறந்துவிட்டு இன்னொருத்தி முகத்தில் எப்படிக் கதவைச் சாத்துவது? எல்லோரும் போனார்கள். எல்லோரும் காலைக் கழுவிவிட்டுத்தான் போனார்கள். இந்த மைதானத்துக்கு வருகிற ஒரு விருந்தாளி அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரக் கிழவி துவாயோடு வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பாக்கியத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றார். நீங்க முந்திப் போங்க என்று பாக்கியம் கை காட்ட, இல்லை நீ போ என்று அவர் கை காட்ட, நல்ல கூத்து.

கொழும்பு அம்மாவுக்குத்தான் ஆகவில்லை. "யார் இவங்க எல்லாம்? நாங்க காசு கட்டித்தானே வந்திருக்கோம்? பிள்ளைகளும் பாவிக்கிற இடம்." ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தார். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மலைக்குள் போய்விட்டார்கள். அந்த அம்மாவும் என் பாஷைதான் பேசுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது.

நாலு மணிக்கு முதலாளி ஃபோன். "நாளைக்கு வாறேன்." வேறு ஒரு வார்த்தை இல்லை.

வேலை போனால் என்ன செய்யலாம்:
பசறையில் கடையில் கேட்கலாம். நின்றுகொண்டே இருக்க வேண்டும், கால் தாங்காது.
பிள்ளை பார்க்கிற வேலைக்குக் கொழும்பு. அந்த அம்மா மாதிரி ஒரு வீடா?
மாதா கோவில் சுவாமியிடம் கேட்டு அங்கே கூட்டிப் பெருக்கலாம். அதற்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது.
வேறொன்றும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கொழும்பு வண்டி விடியவே போய்விட்டது. குப்பையை அப்படியே போட்டுவிட்டு.

முதலாளி பத்து மணிக்குப் பதுளையிலிருந்து வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. டேங்க்கைத் தட்டிப் பார்த்தார். காலி.

"ரெண்டு வண்டிக்கு இவ்வளவு தண்ணியா பிலோமினா?"

"காத்து காலங்க. பீலியில வரத்து இல்ல."

"எனக்குப் படம் வந்திருக்கு."

வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் கொழுந்து எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கங்காணிகூட ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் காது இங்கேதான்.

"நான் கெட்டவன் இல்ல. அவங்க கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனா அதத் தோட்டம் பாக்கணும், நான் பாக்க முடியுமா? இந்த எடத்துக்குப் பேரு கெட்டுப்போச்சுன்னா வண்டி வராது. வண்டி வரலன்னா ஒனக்கும் வேல இல்ல. வாஷ்ரூமுக்கு கெஸ்ட் போகட்டும், நீ போ. வேற ஒரு ஆளு உள்ள போனதா கேள்விப்பட்டா, அன்னைக்கே சாவிய வாங்கிருவேன். வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

"நீ போறதப் பத்தி நான் கேக்கவே மாட்டேன். எத்தன தடவ வேணும்னாலும் போ."

சரிங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேலியோரம் ச. போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அப்பன்னா தண்ணி கூடுதலா வேணுங்க. எனக்கு ஒரு நாளைக்கு இருவது தடவயாவது வருது."

"என்னது?"

"கல்லுங்க. பசறையில டாக்டரம்மா சொன்னாங்க. தண்ணி நெறைய குடிக்கணுமாம், அடக்கவே கூடாதாம்."

என்னைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். கூடையைக்கூட இறக்காமல் நிற்கிற அத்தனை பேரையும் பார்த்தார். திரும்ப என்னை.

"இருவது தடவ."

"பெரட்டு இருக்கிற நாள்ல மட்டுந்தாங்க. ஞாயித்துக்கெழம வராது."

இதை எங்கிருந்து சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலாளி நெற்றியைத் தேய்த்தார். பிறகு போய் வண்டியில் ஏறினார். கண்ணாடியை இறக்கி, "தண்ணி பவுசருக்குச் சொல்றேன். ஒழுங்கா மருந்து எடு" என்றார். அவ்வளவுதான். சாவியைக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்பாரோ என்னவோ.

வண்டி வளைவில் மறையும்வரை யாரும் அசையவில்லை. டேங்க் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சகாயம் வேலிக்கு வந்தாள். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "அண்ணி, ஒங்களுக்கு வருதா?" என்றாள்.

வருதுடி என்று எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.