தழும்பு எந்தப் பக்கம்?

பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிடாத என் அன்பான 'என்னங்க'வுக்கு,

உங்கள் முதல் வருஷ நினைவுப் பூசைக்கு இன்னும் ஆறு நாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் மறுபடி போய் வரைபலகை முன்னால் உட்காருகிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை மாடிவீட்டுக்காரி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஃபோட்டோ வேண்டாம், அம்மா வரைந்த படத்தையே மாட்டலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். ரிட்டயரான நாளிலிருந்து பிரஷ்ஷைக் கீழே வைக்காதவள், உங்களை வரையமாட்டேனா என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

நான் ஆசை ஆசையாக வரைந்ததெல்லாம் என்னென்ன? மார்க்கெட் வாழைத்தார், சாமுண்டி மலை மேல் மழைமேகம், பலாப்பழம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், "என்னையும் ஒருவாட்டி வரையேன்டி" என்று நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். பேப்பரைப் பிடித்தபடியே தூங்கியும்போனீர்கள். பக்கத்து ஸ்டூலில் பலாப்பழம் வெயிலில் தகதகத்தது. முள் முள்ளாக அதை வரைந்து முடித்தேன். விழித்துப் பார்த்து, "நான் எங்கடி இதுல?" என்று சிரித்தீர்கள். "அசையாம உக்காந்தா அடுத்த வாரம்" என்றேன். எத்தனை அடுத்த வாரம் போயிற்று!

இப்போது மூக்கு வந்துவிட்டது. கண்ணும் ஏறக்குறைய வந்துவிட்டது. தாடைத் தழும்பில் வந்து நிற்கிறேன். கொள்ளேகால் ஸ்டாண்டில் பஸ் கதவு இடித்து வந்த தழும்பு. கண்டக்டர் வேலை கொடுத்த மெடல் என்பீர்களே, அதுதான். அது எந்தப் பக்கம்?

சிரிக்காதீர்கள். கல்யாணப் படம் அதற்கு முந்தையது. அப்புறம் எடுத்த படங்களில் ஸ்டுடியோக்காரர்கள் அழகு பண்ணுகிறேன் என்று தழும்பைத் துடைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவை செல்ஃபிகள். சிலதில் இடது, சிலதில் வலது. செல்ஃபி சில நேரம் ஆளைத் திருப்பிக் காட்டும் என்கிறான் பெரியவன். அவன் வலது என்கிறான். மகளுக்குப் போன் போட்டால், "இல்லமா, லெஃப்டே. எனக்குக் கொத்து, நல்லாத் தெரியும்" என்று பாதி கன்னடத்தில் அடித்துச் சொல்கிறாள். முப்பத்தெட்டு வருஷம் உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். எனக்குத் தெரியவில்லை. மனசைப் பிடுங்கித் தின்கிறது.

நேற்று ஆட்டோ பிடித்து, கடைசி மாதங்களில் வீட்டுக்கு வந்து உங்களுக்கு ஷேவ் செய்த சலூன்காரரைத் தேடிப் போனேன். நான் கேட்டு முடிக்கவில்லை. "எடப்பக்கம் மேடம். காதுக்கு நேர் கீழ. அங்க பிளேடு பட்டா சாருக்கு எரியும், நான் வெரல் வெச்சு மறைச்சுக்குவேன்" என்று தன் தாடையில் தொட்டுக் காட்டினார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அந்த மனிதர். அவர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. வரும்வழியெல்லாம் ஆட்டோவில் அழுதேன்.

இடதுபக்கமே வரைந்துவிட்டேன். படம் சுமார்தான். பிள்ளைகள் நன்றாக இருக்கிறது என்பார்கள், நீங்கள் நம்பாதீர்கள். உங்களைப் பார்க்காமலே விட்டேனே, அதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

ஞாயிறு காலை மகள் வருகிறாள். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் பையை வாங்கி வைத்ததும் அடுப்பங்கரைக்கு ஓடமாட்டேன். எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்ப்பேன். "ஏம்மா இப்படிப் பாக்கற?" என்று கேட்டால் கேட்கட்டும்.

உங்கள் மனைவி,
ஸ்டெல்லா
மைசூரு