போபி திரும்பிப் பார்க்கும் பக்கம்

கண்ணு,

அப்பா காரியம் முடிஞ்சு ஊருக்குப் போய் நீ எழுதின லெட்டர் வந்துச்சு. நாய் போபியை யாருக்காவது குடுத்துட்டு உன்கூட இருக்க ஜொகூருக்கு வரச் சொல்றே.

அந்தத் தேயிலை விளம்பரம் இன்னும் டிவியில போகுதும்மா. நம்ம போபி கூடையைக் கவ்விக்கிட்டு வந்து, அந்த நடிகை காலடியில வச்சிட்டு, சட்டுனு ஒரு பக்கமா திரும்பிப் பாக்குமே, நம்ம பிரிக்பீல்ட்ஸ் தெருவே சிரிக்கும். கேமரா பக்கத்துல அப்பா கையைத் தூக்கிக்கிட்டு நின்னது நமக்குத்தானே தெரியும். அவர் கையை இறக்கினாத்தான் அது வாலை ஆட்டும்.

டிவியில அது திரும்பிப் பாக்குற பக்கமா அவர் நாற்காலியை நகத்திப் போட்டிருக்கேன்.

நேத்து விளம்பரம் முடிஞ்சதும் போபி அவர் செருப்பைக் கவ்விக்கிட்டு வந்து நாற்காலி முன்னால வச்சுச்சு. அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னுச்சு. அப்புறம் வாலை ஆட்டுச்சு.

ரெண்டு பேரையும் விட்டுட்டு நான் எப்படி வர்றது?

அம்மா