போர்டில் எழுதிய பெயர்

நோர்வூட்

அன்பு மகள் கிருஷாந்திக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியும் என் வாயும் தவிர இங்கே மற்ற எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் டோகா வெயிலில் வாடாமல் இருக்க முருகன் துணை.

போனில் சொன்னால் நான் முடிப்பதற்குள் அம்மா சிரித்துவிடுவாள், அதனால்தான் கடிதம். நம் முன்னறையில் பேச்சியம்மா என்றொரு பிள்ளை இருக்கிறாள், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவள். புருஷன் அடிப்பான், அவள் கொழுந்து பறித்த சம்பளத்தையும் பிடுங்கிக்கொள்வான், சோப்பு வாங்கவும் அவனிடம்தான் கேட்க வேண்டும். வந்த அன்று ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அம்மா தங்கச் சொன்னாள், நான் ஏதோ நானே முடிவு செய்த மாதிரி தலையாட்டினேன். பெண்கள் சங்கத்தில் அவள் பெயருக்குத் தவணையில் தையல் மெசின் எடுத்துக் கொடுத்தார்கள், துணிக்கடை செரீபா பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கக் கொடுத்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தேன். ஊசியில் நூல் கோக்கக்கூட எனக்குக் கண் தெரியாது.

போன மாதம் அந்தப் புருஷன் மெசினைத் தூக்கிப் போக வந்தான். வந்தால் காலை உடைப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த நான் கதவுக்குப் பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் மெசினை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "இது நான் தவணை கட்டுற மெசின். தொட்டா போலீசுக்குப் போவேன். போங்க" என்றாள். அம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். அவன் ஏசிக்கொண்டே போய்விட்டான். அதற்குப் பிறகுதான் உன் அப்பா நான் வீரமாக வெளியே வந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு போர்டு எழுதி வாங்கி வந்து வாசலில் மாட்டினேன். மாயாண்டி தையலகம், என் பெயரிலேயே. ஆம்பிளை பெயர் இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்தேன், ஆசையும் கொஞ்சம் உண்டு. அவள் பார்த்துவிட்டு மெதுவாக, "மாமா, அங்கயும் எல்லாம் அவரு பேருலதான் இருந்துச்சு. இதாவது என் பேருல இருக்கட்டுமே" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மறுநாளே போய் அவள் பெயரை எழுதி வாங்கி வந்தேன், பெயின்டர் சிரித்த சிரிப்பு கினிகத்தேனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மாப்பிள்ளை தங்கமானவர், நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் உன் சம்பளம் உன் பெயரிலுள்ள கணக்கிலேயே விழட்டும் மகள், மறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நூறாண்டு நல்லாயிருக்க வேண்டும்.

நேற்று அவள் எனக்கொரு சட்டை தைத்துத் தந்தாள். பாசத்துக்குத் தந்தது என்று போட்டுக்கொண்டு கிளம்பினேன். "மாமா, தையக்கூலி?" என்று கை நீட்டினாள். கொடுத்தேனம்மா, இவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் காசு கொடுத்ததில்லை.

என்றும் உன் நினைவாக,
அப்பா